எட்டாத இடம்

ஓடுகிற பஸ்ஸில்
கம்பியைத் தொடாமல் நிற்பேன்,
இருபத்தாறு வருசம்.
கோபியில் விசில் அடித்தால் ஈரோடு வரைக்கும்
இடுப்புதான் எனக்குக் கைப்பிடி.
சித்தோடு வளைவில் சனம் மொத்தமும் ஒருபக்கம் சாய
நான் மட்டும் நெட்டுக்குத்தலாக நின்று
அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று
வழக்காடிக்கொண்டிருப்பேன்.

இப்போது தரை ஓடவில்லை.
நான் விழுகிறேன்.

மாசியில் ஒரு சனிக்கிழமை, எட்டு நாற்பது டிரிப்.
சில்லறைதான் முதலில் கொட்டியது.
அப்புறம் பை. அப்புறம் நான்.
"கண்டக்டருக்கு வாய் கோணுதுங்கோ" என்று
யாரோ ஒரு பொம்பளை கத்தியது
நன்றாகக் கேட்டது.
எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல்
எங்கள் வண்டி ஈரோடு போனது
அந்த ஒரு நாள்தான்.

நோட்டுகளை நீளவாக்கில் மடித்து
விரலிடுக்கில் செருகிச் செருகிப் பழகிய இடது கை
மூடியபடியே இருக்கிறது.
பிரித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை.

ஒறம்பரை எல்லாம் ஆப்பிளோடு வந்தார்கள்.
"நின்னு நின்னு தேஞ்ச காலுங் மாப்ளே,
சித்தெ உக்காரட்டும்."
உட்கார்ந்தேன்.
சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.
துளசிமணி அதைச் சுற்றி ஒரு ஊரே கட்டினாள்.
வலது கைக்கு எட்டும்படி சொம்பு, ரிமோட்டு,
மாத்திரை டப்பா, செல்லு, சார்ஜர், விசிறி,
கூப்பிட வேண்டுமானால் ஆட்ட
சாமி மாடத்து மணி.
பிரியத்தில்தான் செய்தாள்.
அந்தப் பிரியத்தில் என் காலுக்கு
வேலையே இல்லாமல் போயிற்று.

பிசியோதெரபிக்கு வரும் பிரிசில்லா
ஒரு நாப்பது பக்க நோட்டைக் கொடுத்துப் போனது.
"நடந்ததை எழுத வேண்டாங்க சார்.
உட்கார்ந்ததை எழுதுங்க."
டிரிப் ஷீட் எழுதிய கை. எழுதினேன்.
ஒரு நாளைக்குப்
பதினோரு மணி இருபது நிமிடம்.
அஞ்சு தடவை ஈரோடு போய்த் திரும்பியிருக்கலாம்.
வண்டி ஷெட்டை விட்டே கிளம்பவில்லை.

"துளசி, எல்லாத்தையும் எடு.
எட்டாத எடத்துல வெய்யி."
அவள் அழுதாள்.
"நா என்னங்க கொறை வெச்சேன்?"
கொறையே வெக்கல புள்ளே, அதான்.

சொம்பு பிரிட்ஜ் மேலே போயிற்று. அது கவுந்தப்பாடி.
மாத்திரை சாமி மாடத்துக்கு. சித்தோடு.
வாசல் கேட்டு, ஈரோடு.
ரிமோட்டை மட்டும் எங்கே வைத்தாள் என்று
இன்றுவரை சொல்லவில்லை.
ஏழு மணிக்கு அவளுக்கு சீரியல்.

நாலு கால் தடி. இடது. வலது.
தடி. இடது. வலது.
வண்டி நகர்ந்த பிறகு கைகாட்டி
ஆட்டுக்குட்டியும் புண்ணாக்கு மூட்டையுமாக
ஏறுகிற ஆள் மாதிரி என் இடது கால்.
வைவேன். ஆனாலும்
ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.
கவுந்தப்பாடியில் பிரிட்ஜைப் பிடித்து மூச்சு வாங்குவேன்.
விசில் அடித்துப் பார்ப்பேன்,
கோணிய உதட்டில் காற்றுதான் வரும்.
அடுப்படியிலிருந்து திரும்பாமலே
"போலாம் ரைட்" என்பாள்.

நேற்றுப் பொழுதோட
ஈரோடு போய்ச் சேர்ந்தேன். முப்பத்தெட்டு அடி.
கேட்டைப் பிடித்து நின்றபோது
ஆறு பத்து வண்டி தாண்டிப் போனது.
புதுப் பையன் கண்டக்டர்.
கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.
எனக்கு என்னவோ சந்தோசமாக இருந்தது.

அப்புறம்தான் நினைவு வந்தது,
திரும்பி வர இன்னொரு முப்பத்தெட்டு.
அதை யாரும் எண்ணவில்லை.
தொடை நடுங்க ஆரம்பித்தது.
துளசிமணி சிவப்பு நாற்காலியை
இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன்.
உட்கார்ந்தேன்.

ஸ்டாண்டில் வண்டிக்கு நாலு நிமிடம்தான் டைம்.
நோட்டில் நாலு என்றுதான் எழுத வேண்டும்.
எழுந்திருக்கத் தடியைத் தேடினேன்.
அவள் அதை
மூன்றடி தள்ளிக் கேட்டுத் தூணில்
சாத்தி வைத்துவிட்டு
தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.